எதிரே வருபவரின் கண்

இருசக்கர வண்டியின் ஹெட்லைட்டில் பல்பு போய்விட்டால், புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு பேரின் பார்வையைப் பற்றி முடிவெடுக்கிறார். ஒருவர் வண்டியை ஓட்டுபவர். மற்றவர் இரவில் எதிரே வரப்போகிறவர். அவருடைய பெயரோ முகமோ கடையில் நிற்பவருக்குத் தெரியாது. ஓட்டுபவர் ஒளிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அதன் நன்மை முழுவதும் அவர் கண்ணில் படுகிறது, கேடு ஒருபோதும் படுவதில்லை. எதிரே வருபவருக்கோ கேடு மட்டும்தான் வந்து சேர்கிறது. இந்த அமைப்பிலிருந்து ஒரு பழைய அறக்கேள்வி எழுகிறது. தீங்கு செய்யும் எண்ணம் துளியும் இல்லாமல், தன் வழி தனக்குத் தெரிய வேண்டும் என்ற நியாயமான தேவைக்காக ஒருவர் செய்த காரியம் இன்னொருவரின் பார்வையைச் சில நொடிகள் பறிக்குமானால் அது குற்றமா? குற்றம்தான் என்றால் அதை அளக்கும் கோல் எது?

கேள்விக்குப் போகுமுன் பல்பைப் பற்றிச் சில விவரங்கள் தேவை. ஹாலஜன் ஹெட்லைட் உள்ள இந்திய ஸ்கூட்டர்களிலும் சிறிய பைக்குகளிலும் பரவலாகக் காணப்படுவது எச்எஸ்1 வகை: 12 வோல்ட், 35/35 வாட். கனமான பைக்குகளில் எச்4 வகை வரும்: 60/55 வாட். இரண்டிலும் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. ஐக்கிய நாடுகளின் 37ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இவற்றின் ஒளியளவை வரையறுத்திருக்கிறது. எச்எஸ்1 பல்பு பிரைட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன். எச்4 பிரைட்டில் 1650, டிம்மில் 1000. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விடாதபடி இவற்றின் அடிவளையங்கள் சற்றே வேறுபட்ட அமைப்பில் செய்யப்படுகின்றன. வளையத்தின் காதைத் தேய்த்துப் பொருத்திவிடும் கைத்திறனும் பட்டறைகளில் உண்டு.

இந்த பல்புகளில் கவனிக்க வேண்டியது டிம் இழைக்கு அடியில் இருக்கும் சின்ன உலோகக் கிண்ணம். டிம் இழையின் ஒளி ஹெட்லைட்டின் கூடான டூமுக்குள் இருக்கும் பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கிச் சாலையில் விழும்; கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கி எழுந்து எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். கிண்ணம் அந்தக் கீழ்ப்பாதிக்குப் போகும் ஒளியைத் தடுத்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒளியில் கணிசமான பங்கு சாலைக்கே வராமல் அங்கேயே வீணாகிறது. அந்த இழப்பால் ஓட்டுபவருக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக எடுக்கப்பட்ட முடிவு ஒன்று பல்பின் உள்ளேயே தகடாக இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. இந்த ஏற்பாடு வேலை செய்ய, இழை தன் இடத்திலிருந்து மில்லிமீட்டரின் ஒரு பகுதிகூட விலகக் கூடாது.

பல்பு மாற்றப் போகும் இடத்தில் கிடைக்கும் மாற்றுகள் பலவும் இந்த ஏற்பாட்டைக் குலைப்பவை. 100/90 வாட் எச்4 பல்பில் கிண்ணம் உண்டு. ஆனால் ஒளி கூடும்போது கிண்ணத்தைத் தப்பிச் சிதறும் ஒளியும் கூடுகிறது. போதாததற்கு ஒயரிங்கும் ஸ்விட்சும் சூடேறிக் கருகும், பிளாஸ்டிக் டூம் உருகவும் செய்யும். ஹாலஜனுக்காக வடிவமைத்த டூமில் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி எழும் பரப்பு இழை இருந்த இடத்திலும் வடிவத்திலும் இருப்பதில்லை. வெளிச்சம் கூடியதாகத் தோன்றும், கற்றை சிதறிப்போயிருக்கும். குற்றம் எல்.இ.டி.யில் இல்லை. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்று பல்புகளுக்குச் சாலை அனுமதி கிடைத்திருக்கிறது. சோதித்துப் பட்டியலிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டும்தான் அது செல்லும். நீலம் பூசிய ஹாலஜன் பல்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்; எஞ்சியிருப்பது அழகு.

கூசும் ஒளி கண்ணுக்குள் இரண்டு விதமாக வேலை செய்கிறது. எரிச்சல் ஒன்று, அதைவிடப் பெரியது பார்வைத் திறனே குறைவது. கடும் ஒளி விழிக்குள் நுழையும்போது வில்லையிலும் அதன் பின்னுள்ள நீர்மத்திலும் சிதறி, விழித்திரைமேல் மெல்லிய ஒளிப்படலமாக விரிகிறது. கருநிற உடுப்போடு நடந்து போகிறவர், விளக்கில்லாத மாட்டுவண்டி, சாலையோரம் கொட்டிய ஜல்லி போன்றவை அந்தப் படலத்துக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. எரிச்சலே தோன்றாமல் பார்வை மட்டும் குறைவதும் உண்டு. வயது ஏற ஏறச் சிதறலும் ஏறும். எழுபது வயதுக் கண்ணில் அது இளங்கண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒளி கடந்து போன பிறகும் இருளுக்குக் கண் பழகச் சில நொடிகள் பிடிக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் நகர்ந்துவிடுகிறது.

லாபமும் நஷ்டமும் இங்கே ஒரே வீதத்தில் வளர்வதில்லை. ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், இரு மடங்கு தூரத்தில் உள்ள பொருளை அதே அளவுக்கு ஒளியூட்ட நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஒளியை இரட்டித்தவருக்கு அப்படி எட்டும் தூரம் பழையதைப் போல ஒன்றரை மடங்குகூட ஆகாது. எதிரே வருபவரின் கண்ணில் விழும் ஒளியோ முழுதாக இரட்டிக்கும்.

எண்ணம் பெரிதா, செயல் பெரிதா என்ற வழக்கு இந்திய மெய்யியலில் மிகப் பழையது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரம் அதையே பேசுகிறது. நாளந்தாவில் புத்தர் தங்கியிருந்தபோது நிகண்ட நாதபுத்தரின், அதாவது மகாவீரரின், சீடர் ஒருவர் அவரைச் சந்திக்கிறார். உடல், சொல், மனம் என்ற மூன்றில் உடலால் செய்யும் தீங்கே கனமானது என்பது சமணத் தரப்பு. மனத்தால் செய்வதே கனமானது என்கிறார் புத்தர். பின்னர் சமண இல்லறத்தாரான உபாலி வாதிட வருகிறார். நடக்கும்போது காலடியில் பட்டுச் சிற்றுயிர்கள் சாகின்றனவே, அதன் பயன் என்ன என்று புத்தர் கேட்க, வேண்டுமென்று செய்யாதது பெரும்பழி ஆகாது என்பதே தம் ஆசிரியரின் கருத்து என்று உபாலி ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இது பௌத்தர் எழுதி வைத்த வாதம்; தோற்றவரின் பக்கத்தை வென்றவர் சொல்வது போலத்தான் இருக்கும். சமணரின் சூத்திரகிருதாங்கம் எண்ணத்தையே முதன்மையாக்கும் பௌத்தக் கொள்கையைக் கேலி செய்து பதிலடி கொடுக்கிறது. தமிழிலும் நீலகேசி பௌத்தரோடு நேருக்கு நேர் வாதிடும் சமண நூல்.

எண்ணத்தை மட்டும் அளந்தால் பல்பு மாற்றியவர் எளிதாகத் தப்பிவிடுவார். யாருடைய கண்ணையும் கூசவைக்க அவர் நினைக்கவில்லை; பள்ளம் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தார். விளைவை மட்டும் அளந்தால் விந்தையான முடிவு ஒன்று வரும். ஒரே பல்பை மாட்டிய இருவரில் ஒருவர் ஆளில்லாத சாலையில் போனதால் குற்றமற்றவர், மற்றவர் எதிரே ஒரு முதியவர் சைக்கிளில் வந்ததால் குற்றவாளி. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்ற பெயரில் எழுப்பிய சிக்கல் இதுதான். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி ஓட்டுபவரின் முன் ஒரு குழந்தை ஓடி வந்ததா இல்லையா என்பது அவர் கையில் இல்லை. ஆனால் ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்பது முழுக்க அதைப் பொறுத்திருக்கிறது.

சமண நூலான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் வழி இவ்விரண்டிலிருந்தும் விலகியது. இம்சை என்பதற்கு அந்நூல் தரும் இலக்கணத்தில் உயிருக்கு நேரும் கேட்டோடு இன்னொரு சொல்லும் சேர்ந்தே நிற்கிறது: பிரமாதம், அதாவது கவனமின்மை. அதன் உரையான சர்வார்த்தசித்தி இதை முனிவரின் நடையைக் கொண்டு விளக்குகிறது. முன்னால் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி வந்து விழுந்து செத்தாலும் அவருக்கு வினை ஒட்டாது. பாராமல் நடப்பவருக்கு, எந்த உயிரும் சாகாவிட்டாலும் ஒட்டும். சமணத் துறவிகள் நடையில் காக்க வேண்டிய இந்த ஒழுக்கத்துக்கு ஈர்யா சமிதி என்று பெயர்.

பல்பு விஷயத்துக்கு இந்த அளவுகோல் மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. குற்றம் எதிரே யார் வந்தார் என்பதில் தொடங்கவில்லை. கிண்ணம் எதற்காக இருக்கிறது, கற்றை எங்கே விழுகிறது என்று பாராமல் வாங்கிய இடத்தில் தொடங்கிவிட்டது. அதே சமயம், சரியான பல்பைப் பொருத்தி, கற்றையைச் சரிபார்த்து, டிம் போட்டு வந்தவரின் வண்டி மேட்டில் ஏறும்போது ஒரு கணம் ஒளி எதிரே அடித்தால், அதற்காக அவரைக் கடிந்துகொள்ள இடமில்லை. சமணம் இங்கே பெயரெடுத்த அளவுக்குக் கடுமையானதாக இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஓட்டுபவரின் பக்க நியாயத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 525 லூமனில் தெருவிளக்கில்லாத கிராமச் சாலையைக் கடப்பது எளிதல்ல. வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை, படுத்திருக்கும் எருமை, மழையில் பெயர்ந்த குழி எல்லாமே உயிருக்கு உலை வைப்பவை. தன்னைக் காத்துக்கொள்ளும் செயலில் பிறருக்குக் கேடு நேர்வதைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எழுதியது இங்கே உதவும். ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று கருதியது, மற்றது கருதாதது. தற்காப்புக்காகச் செய்ததில் கருதாத கேடு நேர்ந்தால் அதனாலேயே அது பாவமாகாது என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: தேவைக்கு மீறிய பலத்தைக் கையாண்டால் அந்த விலக்கு செல்லாது.

தேவை எவ்வளவு என்பதைப் பட்டறையில் கண்டுபிடித்துவிடலாம். ஹாலஜன் இழையின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். பல்புக்கு வந்து சேரும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். துருப்பிடித்த எர்த், தளர்ந்த ஹோல்டர், கரியேறிய ஸ்விட்ச் போன்றவையே பழைய வண்டிகளின் மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம். இவற்றோடு மஞ்சளடித்த முன்கண்ணாடியும் மங்கிய பிரதிபலிப்பானும் சேர்ந்தால், புது பல்பும் பழையதைப் போலத்தான் எரியும். இந்தக் குறைகளை நீக்கினால் இழந்த ஒளி திரும்பும். அது போகவேண்டிய இடத்துக்கே போகும், யாருடைய கண்ணுக்கும் புதிதாகப் போகாது. அதே வாட்டில் கூடுதல் ஒளி தரும் தரமான ஹாலஜன் பல்புகளும் உண்டு. இழையைக் கூடுதல் வெப்பத்தில் எரியவிடுவதால் அவை சீக்கிரம் போகும். அந்தக் கூடுதல் ஒளிக்கான விலையை வாங்கியவரே தருகிறார். இத்தனை வழிகள் இருக்க, இவற்றில் ஒன்றையும் முயலாமல் 100/90 வாட்டுக்குத் தாவுகிறவர் அக்வினாஸின் நிபந்தனையில் தேறமாட்டார்.

அதிகம் சொல்லப்படும் சமாதானம் இன்னொன்று: எல்லோரும் போட்டிருக்கிறார்கள், தான் மட்டும் போடாவிட்டால் கண் தெரியாமல் போவது தனக்குத்தான். இதில் ஓர் உண்மை இருக்கிறது. எதிரொளியில் கண்ணிருண்டவர் அடுத்த வாரம் அதைவிடப் பிரகாசமான பல்பைத் தேடுகிறார். அவர் எதிரே வருபவர் அதற்கடுத்த வாரம். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்திக்கொண்டே போவதைப் போல, முடிவில் எல்லோருக்கும் செலவு, யாருக்கும் பலனில்லை. தாமஸ் ஹாப்ஸ் 1651இல் இத்தகைய நிலையை விவரித்து, பொதுவான ஓர் அதிகாரம் இல்லாமல் இதிலிருந்து மீளவே முடியாது என்றார். இம்மானுவேல் கான்ட் 1785இல் வைத்த சோதனை வேறு: ஒருவர் தன் செயலுக்கான விதியை எல்லோருக்கும் பொது விதியாக்கிப் பார்க்க வேண்டும். 'எனக்குத் தெளிவாகத் தெரிவதற்காக எதிரே வருபவரின் கண் இருள்வதைப் பொருட்படுத்தமாட்டேன்' என்பதைப் பொதுவாக்கினால், விதியை வகுத்தவரே எதிர்ப்பக்கத்தில் கண்ணிருண்டு நிற்பார். ஆனால் ஏற்கெனவே பலர் விதியை மீறிக்கொண்டிருக்கும் சாலையில் தனியொருவர் மட்டும் அதைக் காத்து இழப்பை ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்குக் கான்ட்டின் 'ஆம்' சற்று வறண்டது. அந்த இடத்தில் ஹாப்ஸின் பக்கம் சாய்வதே நியாயமாகப் படுகிறது: தனிமனித ஒழுக்கத்தோடு பொதுச் சட்டமும் வேண்டும்.

அந்தச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி முன்விளக்கின் கூச்சத்தைப் பற்றியது. அது வெறுமனே 'கண் கூசக் கூடாது' என்று சொல்லி நிற்கவில்லை. ஒரு கண்ணைக் கற்பனை செய்து அதற்கு இடம் குறிக்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர், விளக்கின் ஓரத்திலிருந்து வலப்பக்கம் அரை மீட்டர், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அந்த இடத்தில் இருக்கும் கண் கூசாதபடி கற்றை கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கம் போவதால் எதிரே வருபவர் வலப்பக்கம்; ஒன்றரை மீட்டர் என்பது நிற்கும் மனிதரின், வண்டியில் உட்கார்ந்தவரின் கண்ணுயரத்தை ஒட்டியது. ஆடம் ஸ்மித் 1759இல் அறவுணர்வுகளைப் பற்றிய தம் நூலில், மனிதன் தன் செயலை நடுநிலையான பார்வையாளர் ஒருவரின் இடத்திலிருந்து பார்க்கும்போதே அதன் தகுதி தெரியும் என்றார். ஸ்மித்தின் பார்வையாளருக்கு இடம் கிடையாது, உயரம் கிடையாது. விதி எழுதியவர்கள் இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

கற்பனைக் கண்ணுக்கும் எல்லை உண்டு. பள்ளிவிட்டு வரும் குழந்தையின் கண் ஒன்றரை மீட்டருக்கு வெகு கீழே, கற்றைக்கு இன்னும் அருகில் இருக்கிறது. எழுபது வயதுக் கண்ணுக்கு விதியில் தனி இடம் இல்லை. சட்டம் சராசரி மனிதரைக் காக்கும். சராசரிக்கு வெளியே இருப்பவர்கள் ஓட்டுபவரின் கவனத்தையே நம்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்பு பெயின்ட் அடிப்பதும், நடுவில் வட்டமாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் வழக்கமாக இருந்தன. கற்றையின் வடிவத்தைத் திருத்தாமல் ஒளியை மட்டும் வெட்டும் முரட்டு வைத்தியம் அது. ஆனாலும் அதை ஒட்டியவர்கள் எதிரே ஒரு கண் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டவர்கள்.

பின்விளக்கு பல்பின் கதை வேறு. ஹெட்லைட் பார்ப்பதற்கு, டெயில் லைட் பார்க்கப்படுவதற்கு. அது எரிவதும் அணைவதும் வண்டிக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. பரவலாக உள்ள பல்பில் இரண்டு இழைகள்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இடம் மாற்றிச் செருகிவிடாதபடி அதன் இரு ஊசிகளும் வெவ்வேறு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொருந்தாத பல்பை வலிந்து செருகினால் பிரேக்குக்கும் டெயிலுக்கும் வேறுபாடே தெரியாமல் போகலாம். எந்நேரமும் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடும் வண்டியை, உண்மையில் நிற்கும்போது பின்னால் வருபவர் நம்பமாட்டார். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் அதன் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும். அங்கே சிவப்பு எல்.இ.டி.யே தகும்.

இண்டிகேட்டரில் பழைய வகை ஃபிளாஷர் மின்னோட்டத்தை வைத்துத் துடிப்பதால், ஒரு பல்பு போனால் துடிப்பின் வேகம் மாறி ஓட்டுபவருக்குத் தெரிவித்துவிடும். வாட் குறைந்த எல்.இ.டி.யை அதே ஃபிளாஷரில் போட்டாலும் அது பதறித் துடிப்பது இதனால்தான், எல்.இ.டி.க்கான ஃபிளாஷரும் கூடவே மாற வேண்டும். பிரேக் லைட்டுக்கு அப்படியொரு சாட்சி பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. மாதக்கணக்கில் அது அணைந்து கிடந்தும் தெரியவில்லை என்று வண்டிக்காரர் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அறியாமை மன்னிப்புக்கு உரியதா என்பதை அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியில் எடுத்துக்கொள்கிறார். அறிந்துகொள்வது தன் கையில் இருந்தும் கவனியாமல் விட்டவரை அந்த அறியாமைக்காகவே சட்டம் தண்டிப்பது சரி என்பது அவர் முடிவு. பிரேக் லைட்டை அறிந்துகொள்ள இரவில் ஒரு கடை ஷட்டருக்கோ சுவருக்கோ முதுகு காட்டி வண்டியை நிறுத்தி, பிரேக்கை அழுத்தித் திரும்பிப் பார்த்தால் போதும். முன்பிரேக்குக்கும் பின்பிரேக்குக்கும் தனித்தனி ஸ்விட்ச் உண்டு என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்ற விதி வந்தது. பகலில் பிறர் கண்ணில் படுவதற்கான ஏற்பாடு அது. அணைக்கும் உரிமை ஓட்டுபவரிடமிருந்து போனது. டிம்மா பிரைட்டா என்பது மட்டும் அவர் கையில் மிஞ்சியது. புதிய மாடல்கள் பலவற்றில் மாற்றுவதற்கு பல்பே கிடையாது, எல்.இ.டி.யும் டூமும் ஒன்றாகவே வருகின்றன. கற்றை எங்கே விழ வேண்டும் என்ற முடிவு கடையிலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்துவிட்டது, அதோடு பொறுப்பின் பெரும்பங்கும். தனியாக வாங்கி ஹேண்டில்பாரிலோ கிராஷ் கார்டிலோ மாட்டும் கூடுதல் எல்.இ.டி. விளக்குகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிம்மே இல்லை.

சரியான பல்பும் சரியாகத் திரும்பியிருக்க வேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்விளக்கு நிமிரும்; டிம்மில் போனாலும் கற்றை எதிரே வருபவரின் முகத்துக்கு ஏறிவிடும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டால், கற்றையின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விலகியிருந்தால் டூமை மேலும் கீழும் நகர்த்தும் திருகு அநேகமாக எல்லா வண்டிகளிலும் உண்டு. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஓட்டுபவரும் வழக்கமாகப் பின்னால் வருபவரும் ஏறி உட்கார்ந்த நிலையிலேயே இதைப் பார்க்க வேண்டும்.